அஞ்சாமையும் அஞ்சுதலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொட்டகுடி ஆறு பாய்ந்து வளம் பெருக்கும் நிலத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். ஊரை ஒட்டிய குன்றின்மேல் பரமசிவன் திருக்கோயில் விளங்குகிறது. அதற்கப்பால் மலைகள் அடுக்கடுக்காக உயர்ந்து, போடிமெட்டைக் கடந்து ஏலமலைகளோடு கலக்கின்றன. மலையை அண்டி வாழ்வோர் துணிவுடையோர் என்பது பொதுவழக்கு. ஆயின் துணிவு என்பது யாது? கோழைமை என்பது யாது? இவ்வினாக்களுக்கு நம் இலக்கியங்களும் இந்நிலத்து வாழ்வும் ஒத்த குரலில் விடை பகர்கின்றன.

வீரத்தைப் போற்றும் மரபு இம்மண்ணில் மிகப் பழமையானது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அவர்தம் கணிப்பு. அவற்றுள் ஒரு கல், கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்னும் வீரனுக்காக நாட்டப்பெற்றது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியர் வெட்சித் திணையில் ஆளும் அதே சொல், உளி கொண்டு வெட்டப்பட்டு, கல்லில் நிலைபெற்றிருக்கிறது. அவன் மன்னனல்லன், பேரரசு எதனையும் நிறுவினானல்லன். அவன் தன் உயிரைப் பெரிதெனக் கொள்ளாத ஒரு பொழுதையே ஊரார் கல்லெடுத்து வணங்கினர்.

இனி, நிரை மீட்கப் புறப்பட்டு அஞ்சி ஓடியவனையும் இலக்கியம் காட்டுகிறது. மகாபாரதத்து விராட மன்னனின் மைந்தனாகிய உத்தரனே அவன். கௌரவர் நிரை கவர்ந்தனர் என்ற செய்தி வந்தபோது, மகளிர் நடுவே இருந்துகொண்டு, தேரோட்டி ஒருவன் மட்டும் கிடைத்தால் அனைவரையும் வென்று மீள்வேன் என்று வீரம் பேசினான். களத்தில் பகைவரின் படைப்பரப்பைக் கண்டதும் தேரினின்றும் குதித்து ஓடினான். பேடி வடிவில் உடன் சென்ற அருச்சுனன் அவனைத் தொடர்ந்து பிடித்துத் தேற்றித் தேரோட்டியாக்கி, தானே பொருது நிரையை மீட்டான். இன்றும் வாய்ச்சொல் வீரரை உத்தரகுமாரன் என்று உலகம் எள்ளி நகையாடுகிறது.

ஆனால் உத்தரன் கதை அங்கு முடிந்ததில்லை. ஊர் திரும்பியதும் தந்தை மகனே வென்றான் எனக் கருதி மகிழ்ந்து கொண்டாடினான். அப்போது உத்தரன், இவ்வெற்றி என்னுடையதன்று, தேவகுமாரன் ஒருவனே வென்று தந்தான் என்று கூறினான். கையில் வந்து விழுந்த பொய்ப்புகழைத் தள்ளிவிட ஒரு துணிவு வேண்டும். அது களத்துத் துணிவினும் அரியது. பின்னர்க் குருக்ஷேத்திரப் போரின் முதல்நாளிலேயே சல்லியனை எதிர்த்துப் பொருது வீழ்ந்தான். ஆதலின் கோழைமை ஒருவனுக்குப் பிறவிக் குணமன்று. அச்சம் தோன்றுதல் உயிர்க்கு இயல்பு. அதற்கு அடிமைப்பட்டு நிற்றலே கோழைமை.

திருவள்ளுவர் படைச்செருக்கு என்றொரு அதிகாரம் வகுத்தார். தீவினையச்சம் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருத்தல் பேதைமை என்பது அவர் துணிபு. எனவே, எதற்கும் அஞ்சாதவன் வீரனல்லன். எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டா என்று பகுத்தறிந்தவனே வீரன்.

இவ்வுண்மைக்கு அருளாளர் வாழ்வே சான்று. நீற்றறையில் இட்டும், நஞ்சு கலந்த சோறு அளித்தும், யானையை ஏவியும், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தும் திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் வருத்தினான் எனச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். அம்மன்னனுக்கு அஞ்சாத அப்பெருமான், இறைவன் திருமுன் தம் குற்றங்களை நினைந்து நெஞ்சுருகி அழுதவர். ஆண்டவனுக்கு அஞ்சியவர் அரசனுக்கு அஞ்சவேண்டிய தேவை இல்லாதொழிந்தது.

மாணிக்கவாசகரோ இப்பொருள் பற்றியே திருவாசகத்தில் அச்சப்பத்து என்றொரு பதிகம் அருளினார். பாம்பு, வேல், நோய், எரி, மதயானை, இடி என உலகம் நடுங்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கூறி, இவற்றுக்கு அஞ்சேன் என்கிறார். பின், இறைவன்பால் அன்பில்லாதவரைக் கண்டால் அஞ்சுகிறேன் என்கிறார். நெஞ்சில் ஈரம் வற்றிப்போதலே அவர் கண்ட பேரச்சம்.

அடிகள் எண்ணிக் காட்டிய பொருள்கள் பல ஏலமலைச் சரிவுகளில் நாள்தோறும் எதிர்ப்படுவன. ஏலச்செடியின் காய்ச்சரம் கிளையில் தொங்குவதன்று. தூரடியில் தரையோடு படர்வது. காய் பறிக்கும் பெண்மக்கள் மழை ஈரத்தில், தழை மூடிய தூர்களுக்கிடையே குனிந்து கைவிட்டே பறிக்கவேண்டும். அங்கே அட்டையும் உண்டு, அரவமும் உண்டு. மலைக்காய்ச்சல் முற்காலத்தில் கொண்டுபோன உயிர்கள் பல. யானை நடமாடும் தடங்களும், இடி முழங்கும் முகடுகளும் இம்மலையில் உள்ளன. இவர்கள் பெயர் எந்த நடுகல்லிலும் இல்லை. வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கலாகாது என்னும் அச்சம் ஒன்றே மற்ற அச்சங்களை வென்று இவர்களை மலையேற்றுகிறது.

எரியின் கொடுமையையும் இம்மலை கண்டது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலைச்சரிவில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்கு வந்திருந்தோர் சிக்குண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். வனத்துறையினர், தீயணைப்புப் படையினர், காவலர் ஆகியோரோடு குரங்கணியைச் சார்ந்த ஊர்மக்களும் மலைவாழ் மக்களும் மேலேறினர். தீக்காயமுற்றோரைப் போர்வைகளில் தூளி கட்டிச் சுமந்து, இருளில் கல்லும் சரிவுமான தடங்களில் இறக்கினர். மறுநாள் ஹெலிகாப்டர்களும் மீட்புப்பணியில் ஈடுபட்டன. காட்டுத்தீ இன்னதென்று அறியாமற் சென்றவரல்லர் அவ்வூரார்; நன்கறிந்தே சென்றவர். எரியினும், துணையற்ற உயிரைக் கைவிடும் பழியே அஞ்சத் தக்கது என்பதை அவர்தம் செயல் உணர்த்திற்று. அச்சப்பத்தின் பொருள் அன்றிரவு மலைத்தடத்தில் நடந்து காட்டப்பெற்றது.

திருக்கோயில் திருப்பணியில் ஈடுபட்ட அன்பர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் கோயிற் சுவர்களில் அறக்கொடைகளைப் பொறித்து வைத்த முன்னோர் சாசனங்கள் பலவற்றின் இறுதியில், இவ்வறத்தைக் காத்தவர் திருவடி எம் தலைமேலன என்னும் வாசகம் காணப்படும். அறத்தை அழித்தவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் எய்துவர் என்ற எச்சரிக்கையும் உடன் வரும். போர்க்களத்தில் எவர்க்கும் தலை வணங்காத மன்னரும், பின்னாளில் பிறக்கப்போகும் முகமறியாத ஒருவரின் திருவடியைத் தம் முடிமேல் தாங்க இசைந்தனர். தாம் வைத்த விளக்கு தம் காலத்திற்குப்பின் அணைந்துவிடுமோ என்பதே அவர் அஞ்சிய அச்சம். சிவன் சொத்து குல நாசம் என்ற பழமொழியும் அவ்வச்சத்தின் குழந்தையே.

இக்காலத்தில் வேலுக்கும் வாளுக்கும் எதிர்நிற்கும் தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. ஆயினும் கோழைமைக்கு இடமில்லாமற் போய்விடவில்லை. கோயில் நிலத்தின் குத்தகை வந்து சேரவில்லை என்பதை அறிந்தும், முகதாட்சணியத்தால் சபையில் வாய் திறவாதிருப்பது கோழைமை. உண்டியற் கணக்கைக் கேட்டால் பகை வருமென ஒதுங்குவதும் கோழைமை. தவறு நிகழ்ந்தபோது, அது எம்மால் நேர்ந்தது என்று ஒப்புக்கொள்வது வீரம். பிறர் செய்த தொண்டு தம் பெயரில் வழங்கும்போது, அது எமதன்று என உத்தரனைப்போல் உரைப்பதும் வீரம்.

குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. கோயிலைக் காத்தலோ நாள்தோறும் நிகழவேண்டுவது. விமானத்தின் மேல் கலசம் ஏற்றுவோர் உள்ளத்திலும் ஒரு கலசம் ஏறுதல் வேண்டும். இழப்புக்கு அஞ்சாமையும் பழிக்கு அஞ்சுதலும் அதனுள் நிறையும் புனித நீராகுக. அவ்விரண்டையும் அடியவர் அனைவர்க்கும் எல்லாம் வல்ல பரம்பொருள் அருள்புரிவதாக.