தாகோ ஏரிப் பாதுகாப்புக் கழகம்

தாகோ ஏரிப் பாதுகாப்புக் கழகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா ஆகிய மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ள தாகோ ஏரியையும் அதன் கரையையும் பேணும் நோக்குடன் 1957 இல் தோற்றுவிக்கப்பட்ட இலாபநோக்கற்ற குடிமக்கள் அமைப்பு ஆகும். இதன் தலைமையகம் ஏரியின் தென்கரையிலுள்ள சவுத் லேக் தாகோ நகரில் அமைந்துள்ளது. "தாகோவை நீலமாகவே வைத்திருங்கள்" எனப் பொருள்படும் இதன் முழக்கம், கார்களின் பின்புறத்தில் ஒட்டப்படும் ஸ்டிக்கர்கள் மூலம் பரவலாக அறியப்பட்டது.

இக்கழகம் ஏரியின் உரிமையாளர் அன்று. சட்டம் இயற்றும் அதிகாரமோ தண்டிக்கும் அதிகாரமோ இதற்கு இல்லை. கண்காணித்தல், பொது விசாரணைகளிலும் நீதிமன்றங்களிலும் வாதிடுதல், தன்னார்வலர்களைக் கொண்டு களப்பணி செய்தல் ஆகிய மூன்றுமே இதன் வழிமுறைகள் ஆகும்.

ஏரியின் இயல்பு

தாகோ ஏரி சியேரா நெவாடா மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,897 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 490 சதுர கி.மீ.; பெரும ஆழம் 501 மீட்டர். ஐக்கிய அமெரிக்காவின் ஏரிகளுள் ஆழத்தில் இது இரண்டாவதாகும். ஏரிப் பரப்பின் மூன்றில் இரண்டு பங்கு கலிபோர்னியாவிலும் எஞ்சியது நெவாடாவிலும் அடங்கும். "தாகோ" என்பது இப்பகுதியின் தொல்குடிகளான வாசோ மக்களின் மொழியில் "ஏரி" எனும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது.

ஏரியில் 63 ஓடைகள் கலக்கின்றன. ஆனால் நீர் வெளியேறும் வழி டிரக்கி ஆறு ஒன்றே. அந்த ஆறு கடலை அடைவதில்லை. நெவாடாவின் பிரமிட் ஏரியில் முடிகிறது. தாகோ ஏரியின் கொள்ளளவு மிகப் பெரிது, வெளியேறும் நீரோ மிகச் சிறிது. ஆகையால் ஏரிக்குள் புகும் நீர் சராசரியாக 650 ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இதனால் ஏரியில் சேரும் மாசு விரைவில் அடித்துச் செல்லப்படுவதில்லை. மாசு உள்ளே வருமுன் தடுப்பதையே கழகம் முதன்மையாகக் கொண்டதற்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

தோற்றம்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்காக ஏரியைச் சூழ்ந்திருந்த காடுகளின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. பின்னர் காடு மீண்டும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுற்றுலாவும் சூதாட்ட விடுதிகளும் பெருகின. 1960 ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏரிக்கு அண்மையில் நடைபெற்றதைத் தொடர்ந்து கட்டடப் பணிகள் மேலும் விரைவடைந்தன.

ஏரியைச் சுற்றி விரைவு நெடுஞ்சாலை அமைக்கவும், எமரால்டு விரிகுடாவின் வாயிலைக் கடக்கும் பாலம் ஒன்றைக் கட்டவும் அக்காலத்தில் திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. இவற்றை எதிர்த்த குடிமக்கள் 1957 இல் தாகோ மேம்பாடு மற்றும் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் ஒன்றுகூடினர். 1965 இல் இதன் பெயர் மாற்றப்பட்டது. எமரால்டு விரிகுடாப் பாலம் இறுதியில் கட்டப்படவில்லை.

எனினும் எல்லா மாற்றங்களையும் தடுக்க இயலவில்லை. தென்கரையில் டிரக்கி ஆற்றின் மேற்பகுதி ஏரியில் கலக்கும் இடத்திலிருந்த பெரிய சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 1960களில் தோண்டப்பட்டு, தாகோ கீஸ் எனப்படும் படகுக் கால்வாய்க் குடியிருப்பாக மாற்றப்பட்டது. ஆற்றுநீரில் வரும் வண்டலை வடிகட்டி ஏரியைக் காத்துவந்தது அச்சதுப்பு நிலமே ஆகும்.

தெளிவின் அளவீடு

ஏரியின் நிலையை அறிய, செச்சித் தட்டு எனப்படும் வெண்ணிற வட்டத் தட்டு நீருக்குள் இறக்கப்படுகிறது. அது கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவாகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாக ஆய்வாளர்கள் 1968 முதல் இவ்வளவீட்டைத் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றனர். சில ஆண்டுகளின் சராசரி ஆழங்கள் வருமாறு:

1968: 31.2 மீட்டர்
1997: 19.5 மீட்டர்
2017: 18.2 மீட்டர்
2022: 21.9 மீட்டர்
2024: 19.0 மீட்டர்

இவற்றுள் 2017 ஆம் ஆண்டின் அளவே அதுவரை பதிவானவற்றுள் மிகக் குறைந்ததாகும். சாலைகள், கூரைகள், வாகன நிறுத்தங்கள் ஆகியவற்றிலிருந்து மழைநீருடனும் உருகிய பனிநீருடனும் வரும் நுண்துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. நைதரசன், பாசுபரசு ஆகிய ஊட்டப்பொருட்கள் பாசி வளர்ச்சியைத் தூண்டுகின்றன. ஏரியை அடையும் நுண்துகள்களில் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை நகர்ப்பகுதிகளிலிருந்து வருவதாக ஆய்வுகள் காட்டின.

இதன் அடிப்படையில் 2011 இல் மாசுச் சுமைக்கான உச்ச வரம்பு வகுக்கப்பட்டது. அதன் இலக்கு 29.7 மீட்டர் தெளிவை மீட்பதாகும். இதற்கு 65 ஆண்டுகள் தேவைப்படும் என மதிப்பிடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் இழந்ததை மீட்க அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட காலம் வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

சட்டமும் வழக்குகளும்

ஏரி இரு மாநிலங்களுக்கு உரியது ஆகையால், ஒரு மாநிலத்தின் சட்டம் மட்டும் அதைக் காக்கப் போதாது. இதனால் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாட்டிற்கு 1969 இல் ஐக்கிய அமெரிக்கப் பேரவை ஒப்புதல் அளித்தது. தாகோ வட்டாரத் திட்டமிடல் முகமை உருவானது. 1980 இல் இவ்வுடன்பாடு திருத்தப்பட்டு, சுற்றுச்சூழல் தர வரம்புகளை வகுக்கும் கடமை முகமைக்கு அளிக்கப்பட்டது.

1984 இல் முகமை வெளியிட்ட வட்டாரத் திட்டம் அவ்வரம்புகளை நிறைவு செய்யவில்லை எனக் கழகமும் கலிபோர்னியா மாநிலமும் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றத் தடையால் புதிய கட்டுமானங்கள் நின்றன. 1987 இல் திருத்திய திட்டம் வந்தது. இத்தகைய தடைகளால் வீடு கட்டுவதற்காக நிலம் வாங்கியிருந்த பலர் பாதிக்கப்பட்டனர். 1981 முதல் 1984 வரை நீடித்த 32 மாதக் கட்டுமான நிறுத்தத்திற்கு இழப்பீடு கோரி நில உரிமையாளர்கள் முகமைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தற்காலிக நிறுத்தம் என்பதனாலேயே அது நிலத்தைப் பறித்ததாகாது என 2002 இல் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளிக்கப்பட்டது.

கரைப்பகுதி குறித்த பிணக்கும் நெடுங்காலம் நீடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட புதிய படகுத்துறைகளை அனுமதிக்கும் திட்டத்தை முகமை 2008 இல் ஏற்றபோது, கழகமும் சியேரா சங்கமும் வழக்குத் தொடுத்தன. 2010 இல் நீதிமன்றம் அத்திட்டத்தை நிராகரித்தது. பின்னர் கழகம் உட்படப் பல தரப்பினரும் கலந்து பேசியதன் விளைவாக 2018 இல் புதிய கரைத்திட்டம் ஏற்கப்பட்டது.

தன்னார்வலர் பணிகள்

கழகத்தின் பணிகளுள் பொதுமக்கள் நேரடியாகப் பங்கேற்பவை வருமாறு:

நீர்க்களைக் கண்காணிப்பு: பயிற்சி பெற்றோர் நீந்தும்போதும் துடுப்புப் படகில் செல்லும்போதும் அயல் நீர்த்தாவரங்களைக் கண்டு அறிவிக்கின்றனர்.

வடிகால் கண்காணிப்பு: மழை பெய்யும்போது ஏரியில் விழும் வடிகால் குழாய்களின் வாயிலில் நீர் மாதிரிகளை எடுத்து, கலங்கலின் அளவைப் பதிவு செய்கின்றனர்.

கரைத் துப்புரவு: சூலை 4 விடுதலை நாள் கொண்டாட்டத்திற்கு மறுநாள் கடற்கரை போன்ற மணற்கரைகளில் குப்பை அகற்றப்படுகிறது. 2023 இல் ஒரே நாளில் ஏறத்தாழ 3,880 கிலோகிராம் குப்பை திரட்டப்பட்டது. இதன் பெரும்பகுதி நெவாடாப் பக்கத்திலுள்ள செபர் சோல்சு என்ற ஒரே கரையில் கிடைத்தது. 2024 இல் அங்கு மேலாண்மை கடுமையாக்கப்பட்டதும் குப்பை பெருமளவு குறைந்தது. குப்பையை எடைபோட்டுப் பதிவு செய்தல், அள்ளுவதோடு நில்லாமல் நிர்வாக மாற்றத்திற்கும் சான்றாக உதவுகிறது.

அயல் இனங்கள்

மீன்களுக்கு உணவாகும் என்று கருதி 1960களில் ஏரியில் விடப்பட்ட மைசிசு இறால்கள், நீரைத் தூய்மையாக்கும் நுண்ணிய டாப்னியா உயிரிகளை உண்டு ஏறத்தாழ அழித்துவிட்டன. ஆசிய மட்டி, யுரேசிய மில்பாயில் என்னும் நீர்க்களை முதலியனவும் ஏரியில் பரவியுள்ளன. 2023 இல் நியூசிலாந்துச் சேற்று நத்தை கண்டறியப்பட்டது. குவாகா சிப்பி நுழைவதைத் தடுக்க, 2008 முதல் விசைப்படகுகள் ஏரியில் இறங்குமுன் சோதிக்கப்படுகின்றன. தாகோ கீஸ் கால்வாயிலிருந்து களைத்துண்டுகள் ஏரிக்குள் மிதந்து செல்வதைத் தடுக்க, 2018 இல் கழகத்தின் உதவியுடன் கால்வாயின் வாயிலில் காற்றுக் குமிழித் திரை அமைக்கப்பட்டது.

விமர்சனங்கள்

கட்டுமானக் கட்டுப்பாடுகள் சொத்துரிமையைப் பாதிக்கின்றன என நில உரிமையாளர்கள் வாதிட்டு வந்துள்ளனர். மறுபுறம், முகமையின் 2012 ஆம் ஆண்டு வட்டாரத் திட்டத்திற்குக் கழகம் ஆதரவளித்தபோது, அது மிகவும் விட்டுக்கொடுத்துவிட்டது என வேறு சில சூழல் அமைப்புகள் குறை கூறின. சியேரா சங்கம் அத்திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்து, அதில் தோல்வியுற்றது. பழைய கட்டடங்களை மழைநீர் வடிகட்டும் வசதியுடன் புதுப்பிக்க இடமளித்தாலன்றி மாசு குறையாது என்பது அத்திட்டத்தை ஆதரித்தோரின் நிலைப்பாடாக இருந்தது.