நேரத்தையே மெதுவாக்கிய விளையாட்டு

2014 ஜனவரி 27. ஈவ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் ஒரு கூட்டணி, தன் வசமிருந்த விண்மீன் மண்டலத்துக்கு உரிமைக் கட்டணம் கட்டத் தவறிவிட்டது. பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்களே, அதே கதைதான். எதிரிகள் உள்ளே புகுந்தார்கள். சுமார் 21 மணி நேரம் சண்டை. கலந்துகொண்டவர்கள் 7,548 பேர். டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. மொத்த நஷ்டம் நிஜப் பணத்தில் ஏறக்குறைய 3 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

நான் படிப்பது பி.காம். 'கட்டாத பில்' என்றதும்தான் இந்தக் கதைக்குள் நுழைந்தேன். படிக்கப் படிக்க வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. இத்தனை கூட்டத்தைக் கணினி எப்படித் தாங்கியது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் 'மட்' என்ற எழுத்து விளையாட்டை உருவாக்கினார்கள். பலர் சேர்ந்து உலவும் கற்பனை உலகங்களுக்கு அதுதான் முன்னோடி. 1997-ல் அல்டிமா ஆன்லைன் வந்தபோது ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். ஒரு சர்வர் போதாது. அதனால் ஒரே உலகத்துக்குப் பல நகல்கள் போட்டு, ஆட்களைப் பிரித்து விட்டார்கள். மாய ரத்தினம் ஒன்று உடைந்து, ஒவ்வொரு சில்லிலும் ஓர் உலகம் உருவானதாகக் கதையும் கட்டினார்கள்!

சுலபமான வழிதான். ஆனால் வணிகவியல் கண்ணால் பாருங்கள். பத்து நகல் என்றால் பத்து சந்தை, பத்து விலை. இங்கே நடக்கும் திவால் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் ஈவ் ஆன்லைனை வெளியிட்டபோது வேறு முடிவெடுத்தது. எல்லோருக்கும் ஒரே பிரபஞ்சம். (பிற்பாடு சீனாவுக்கு மட்டும் தனி சர்வர்.) 2007-ல் இந்தச் சந்தையைக் கவனிக்க எயோல்ஃபுர் குட்மண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தார்கள்.

சரி, எப்படி ஓட்டினார்கள்? ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்களைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டார்கள். கூட்டமில்லாத மண்டலங்கள் பல சேர்ந்து ஒரு கணினியில் இருக்கும். ஜீட்டா போன்ற பெரிய சந்தைக்குத் தனிக் கணினி. உள்ளே பைத்தான் நிரல்மொழியின் ஸ்டாக்லெஸ் என்ற வடிவம். டீக்கடை மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் கொதிக்கும் நேரத்தில் டிகாஷன் இறக்குவார், கிளாஸ் கழுவுவார். அதேபோல ஒரு வேலை காத்திருக்கும்போது இன்னொன்றைத் தொடும், ஆயிரக்கணக்கான குட்டி வேலைகளாக.

ஆனால் மாஸ்டருக்கு இரண்டு கைதான்! ஒரு மண்டலத்தை இரண்டு கணினிகளுக்குப் பிரிக்க முடியாது. ஒருவர் சுட்டால் அங்குள்ள எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். 1,000 பேர் ஆளுக்கு ஒரு செயல் செய்தால் 10 லட்சம் செய்திகள். 2,000 பேர் என்றால் 40 லட்சம். ஆள் இருமடங்கானால் வேலை நான்கு மடங்கு. கணினி திணறும்போது யாருடைய கட்டளை நிறைவேறும் என்பது அதிர்ஷ்டம். வருடக்கணக்கில் சேர்த்துக் கட்டிய கப்பல், சுட அழுத்திய பொத்தான் வேலை செய்யாமலே அழியும்.

இதற்கு 2012-ல் ஒரு வழி கொண்டுவந்தார்கள். சுமை ஏறினால் அந்த மண்டலத்தில் நேரமே மெதுவாகும், 10 சதவீதம் வரை. பத்து நிமிட வேலைக்கு நூறு நிமிடம். 2014 சண்டை அவ்வளவு நீண்டதற்கு இதுவும் காரணம். அன்று ஒரே நேரத்தில் அந்த மண்டலத்தில் இருந்தவர்கள் 2,670 பேர். 2020 அக்டோபரில் நடந்த இன்னொரு சண்டையில் 6,557 பேர், அது கின்னஸ் சாதனை.

எனக்குப் பிடித்தது இதுதான். கூட்டம் தாங்கவில்லை என்றால் உலகத்தை உடைக்கலாம். சிலரை வெளியே நிறுத்தலாம். இவர்கள் உள்ளே இருந்த எல்லோரையும் ஒரே அளவு காக்க வைத்தார்கள். எரிச்சலாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வரிசை ஒன்றுதான், குறுக்கே யாரும் புகவில்லை. ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்!