பயண டிரெய்லர்: சிறு பழுதுகளும் பூட்டுப் பாதுகாப்பும்

பயண டிரெய்லர் என்பது பிக்கப் அல்லது பெரிய காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட சக்கர வீடு. இதற்கு எஞ்சின் கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் புழக்கம் அதிகம். இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம் இத்தொழிலின் தலைநகர். ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம், ரிவெட் அடித்த அலுமினிய உடலுக்குப் பேர்போனது. ஆனால் முகாம்களில் அதிகம் நிற்பவை மெல்லிய மரச்சட்டத்தின் மேல் நெளிதகடோ கண்ணாடியிழைப் பலகையோ போர்த்திய மலிவான வண்டிகள்தான். எடை கூடக்கூடாது என்பதற்காக அவற்றில் எல்லாமே மெலிது. ஓடும் தூரமெல்லாம் குலுங்கவும் வேண்டும். ஆகவே பழுது சகஜம். அதில் பாதிக்கு மேல் உரிமையாளரே பார்த்துக்கொள்ளக்கூடியது.

டிரெய்லரை அழிப்பது பெரும்பாலும் ஓட்டமல்ல, மழைத்தண்ணீர். கூரை வழக்கமாக ஈபிடிஎம் ரப்பர் அல்லது டிபிஓ விரிப்பால் மூடப்பட்டிருக்கும். விரிப்பு எளிதில் கிழிவதில்லை. காற்றுத்துளை, குளிர்சாதனம், ஆன்டெனா, கழிவுக்குழாய் மூச்சுக்குழல் என அதைத் துளைத்து வெளிவரும் ஒவ்வொன்றையும் சுற்றிப் பூசிய சீலன்ட்தான் வெயிலில் காய்ந்து வெடிக்கும். தானே பரவி மட்டமாகும் சீலன்ட்டைக் கூரையின் சமதளத்திலும், வழியாத வகையைச் செங்குத்துப் பரப்பிலும் போட வேண்டும். பழைய சீலன்ட் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. தளர்ந்ததை மட்டும் எடுத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு மேலே பூசினால் போதும். சிலிக்கானைத் தொடவே கூடாது: ஒருமுறை பூசிவிட்டால் அதன்மேல் வேறெந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. பெட்ரோலியம் கலந்த துப்புரவுத் திரவம் ஈபிடிஎம் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

உள்ளே கறை தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையில் புகுந்தது சட்டத்தின் வழியே ஓடி, எங்கோ ஒரு மூலையில் இறங்கும். சந்தேகத்துக்குரிய அடுத்த இடம் சுவர்களின் மூலைப்பட்டை. அதன் நடுவில் ஓடும் வினைல் நாடாவை உருவினால் அடியில் வரிசையாக ஸ்க்ரூக்கள் தெரியும். அவை துருப்பிடித்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பட்டையைக் கழற்றி, இறுகிப்போன பழைய அடைப்புப் பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, புதிய பியூட்டைல் டேப்பை ஒட்டி, சற்றே தடித்த துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். சில நாள் கழித்து ஓரத்தில் பிதுங்கியதை வெட்டிவிடலாம். ஜன்னல்களுக்கும் பக்கவிளக்குகளுக்கும் இதே வைத்தியம். பட்டைக்குப் பின்னால் மரம் ஸ்க்ரூ டிரைவர் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தால் நிலைமை வேறு. ஈரத்தை உள்ளே வைத்து மேலே சீலன்ட் பூசுவது பழுதுபார்ப்பதல்ல, மறைப்பது. வாசற்படி அருகே தரை கால்பட்டு அமுங்குகிறதா என்றும் மிதித்துப் பார்ப்பது நல்லது.

வெந்நீர்த் தொட்டியில் இரண்டு இனம் உண்டு. சபர்பன் நிறுவனத்தின் தொட்டி பீங்கான் பூச்சிட்ட எஃகு; தன்னைக் கரையவிட்டுத் தொட்டியைக் காக்கும் ஆனோடு கம்பி அதிலுண்டு. கம்பியில் முக்கால் பங்கு கரைந்ததும் மாற்ற வேண்டும். ஆட்வுட் என்ற பேரில் வந்து இப்போது டொமெட்டிக் பேரில் விற்கும் தொட்டி அலுமினியம். அதற்கு அந்தக் கம்பி தேவையில்லை. எதுவானாலும், தண்ணீர் ஆறி அழுத்தமும் இறங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன் குழாய்களை வடித்து, இளஞ்சிவப்பான புரொப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பானை ஏற்றவில்லை என்றால் மூட்டுகள் பிளந்துபோகும்.

பூட்டு விஷயத்தில் இந்தத் தொழில் காட்டும் அசட்டை வியப்பளிப்பது. வெளிப்பக்கச் சாமான் அறைகளுக்கு ஆலைகள் பல ஆண்டுகளாகப் போட்டுவரும் பூட்டில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி எண் ஒன்றே: சிஎச்751. அடுத்த வண்டிக்காரரின் சாவியே நம் அறையையும் திறக்கும். கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும். மாற்றுவது சுலபம். கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தால் ஒரு ஸ்க்ரூவில் தொங்கும் நாக்குத் தகடும் பெரிய நட்டும் இருக்கும். இரண்டையும் கழற்றினால் பழைய பூட்டு முன்பக்கமாக வந்துவிடும். கதவின் கனத்துக்கேற்ற நீளமுள்ள, வட்டச்சாவிப் பூட்டை அதே துளையில் நுழைத்து, பழைய நாக்கையே திரும்ப மாட்டலாம். நீளம் தவறினால் நாக்கு சட்டத்தில் பிடிக்காது. அளந்துவிட்டு வாங்க வேண்டும்.

வண்டியையே கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் பூட்டெல்லாம் பொருட்டல்ல. கழற்றி நிறுத்திய டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கப்ளர் காலியாக இருந்தால், யார் வேண்டுமானாலும் தம் வண்டியின் இரும்புப் பந்தை அடியில் கொடுத்து இழுத்துப் போகலாம். தாழ்ப்பாளுக்கு மட்டும் பூட்டுப் போட்டால் சங்கிலி சுற்றி இழுக்க வழியிருக்கிறது. பந்து அமரும் குழியையே அடைக்கும் பூட்டு அதைவிட மேல். கூடவே சக்கரப் பூட்டும் வேண்டும். முன்சட்டத்தின் மேல் திறந்தவெளியில் நிற்கும் கேஸ் சிலிண்டர்களும் பேட்டரியும் அடிக்கடி களவுபோகிறவை. அவற்றைச் சங்கிலியால் சட்டத்தோடு பிணைப்பதே வழி.

சிலிண்டர் இணைப்புகளைச் சோப்புத் தண்ணீர் பூசிச் சோதிக்கலாம். குமிழி வந்தால் கசிவு. புரொப்பேன் காற்றைவிடக் கனமானதால் அதன் கசிவுணரி தரையோரம் இருக்கும். அதற்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்புறம் பொறித்திருக்கும். டயரும் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

மின்சாரத்தில் 12 வோல்ட் ஃபியூஸ்கள், விளக்குகள் வரை கைவைக்கலாம். 30 ஆம்பியர் டிரெய்லருக்கு வேண்டியது 120 வோல்ட். வீட்டில் அதற்குப் புதிய பிளக் இணைப்புப் போடும் எலக்ட்ரீஷியன், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான பழைய 30 ஆம்பியர் இணைப்பு என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. செருகிய கணமே கன்வெர்ட்டரும் மைக்ரோவேவும் கருகிவிடும். வண்டியின் கேபிளைச் செருகும் முன் மீட்டர் வைத்து அளந்துவிட வேண்டும்.