22 சுருதிகள்: அளவா, வகைப்பாடா?

இந்திய இசைப் பாடநூல்கள் பலவற்றில் 22 சுருதிகளுக்கான விகித அட்டவணை ஒன்று இடம்பெறுகிறது. ஒவ்வொரு சுருதிக்கும் எதிரே 256/243, 16/15, 10/9 என ஒரு பின்னம் அச்சிடப்பட்டிருக்கும். பரதர் வகுத்தவை இவையே என்று மாணவர்கள் கற்கின்றனர். ஆனால் நாட்டிய சாஸ்திரத்தில் இப்பின்னங்களுள் ஒன்றுகூட இல்லை.

பரதர் தருவது எண்ணிக்கையும் ஒரு செய்முறையும் மட்டுமே. ஸட்ஜ கிராமத்தில் ஸ முதல் நி வரையுள்ள ஏழு ஸ்வரங்களுக்கு முறையே 4, 3, 2, 4, 4, 3, 2 சுருதிகள், கூட்டினால் 22. ஸ, ப இரண்டுக்கும் இடையே 13 சுருதிகள். மத்திம கிராமத்துப் பஞ்சமம் இதனினும் ஒரு சுருதி தாழ்ந்தது. அந்த வேறுபாடே பிரமாண சுருதி. ஒரே மாதிரி சுருதி சேர்த்த இரு வீணைகளுள் ஒன்றைப் படிப்படியாகத் தாழ்த்தினால், இரண்டாம் படியில் அதன் க, நி இரண்டும் மற்ற வீணையின் ரி, த ஆகியவற்றோடு ஒன்றும். மூன்றாம் படியில் ரி, த இரண்டும் ஸ, ப ஆகியவற்றோடு ஒன்றும். இச்செய்முறையில் அளவுகோல் இல்லை, செவியே நடுவர்.

இதை எண்ணாக மாற்ற முயலும்போதுதான் சிக்கல் எழுகிறது. அலெக்சாண்டர் எல்லிஸ் 1885இல் உலக இசைகளின் ஸ்வர வரிசைகளை ஒப்பிடப் பயன்படுத்திய சென்ட் அலகின்படி ஒரு ஸ்தாயி 1200 சென்ட். 22 சுருதிகளும் சமமானவை என்று கொண்டால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 54.5 சென்ட், 13 சுருதிகள் 709 சென்ட். தூய பஞ்சமமோ 702. ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால், இந்தப் பஞ்சமம் வினாடிக்கு மூன்று அதிர்வலைகளாகத் துடிக்கும். தம்புராவில் எவரும் அதை ஏற்கமாட்டார். மாறாக, பின்ன அட்டவணையை ஏற்றால் பஞ்சமம் தூயதாகும். ஆனால் சுருதிகள் 22, 71, 90 சென்ட் என மூவகையாகப் பிரியும். பிரமாண சுருதி 22 சென்டாகச் சுருங்கி, மற்றவற்றை அளக்கும் பிரமாணமாக இருக்கும் தகுதியை இழக்கும்.

பின்ன அட்டவணைக்கு இருபதாம் நூற்றாண்டில் வலுச் சேர்த்தவர்களுள் முதன்மையானவர் கே. பி. தேவல். 1910இல் வெளிவந்த அவரது நூலையும், நீதிபதி இ. கிளெமென்ட்ஸ் 1913இல் எழுதிய நூலையும் ஒட்டிய காலத்தில், 22 சுருதிகளையும் ஒலிக்கும் ஹார்மோனியமும் செய்யப்பட்டது. சமத்தான சுருதி கொண்ட ஐரோப்பிய ஹார்மோனியம் பரவிய காலத்தில், இந்திய இசைக்கு அறிவியல் அடித்தளம் உண்டு என நிறுவும் வேட்கை அதில் இருந்தது. அதே வேட்கையோடு தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் எதிர்த் திசையில் சென்றார். சிலப்பதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு, ஸ்தாயி 12 சம அரைச் சுரங்களாகவும் 24 சம சுருதிகளாகவும் பிரியும் என்று 1916 மார்ச்சில் பரோடாவில் கூடிய முதல் அனைத்திந்திய இசை மாநாட்டிலும், 1917இல் வெளியான கருணாமிர்த சாகரத்திலும் வாதிட்டார். அவர் கணக்கில் பஞ்சமம் 700 சென்ட். குறை இரண்டே சென்ட். அந்தர காந்தாரமோ 400. தேவல் தரப்பில் அது 386. இரு தரப்பினரும் ஒரு கருத்தில் மட்டும் ஒன்றுபட்டனர்: சுருதி என்பது நிலையான ஓர் எண்.

அந்த எடுகோளையே அளவீடு அசைத்தது. ஜைராஸ்போயும் ஸ்டோனும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், இந்துஸ்தானி இசையின் ஸ்வர இடங்கள் கலைஞருக்குக் கலைஞர் மட்டுமன்றி ஒரே கலைஞரின் வாசிப்பிலேயே வேறுபடுவதைக் காட்டினர்.

மொழியியலில் இந்நிலை பழகியது. கடல், பங்கு, அகம் ஆகிய சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. கருவி மூன்றையும் தனித்தனியே பதிவு செய்யும். ஆயினும் தமிழ் எழுத்து ஒன்றே. எழுத்து ஒலியின் அதிர்வெண்ணன்று. பிற எழுத்துகளிலிருந்து அது வேறுபடும் இடம். பரதரின் 22ஐயும் அவ்வாறு, இரு கிராமங்களின் ஸ்வரங்களைச் செவியால் வேறுபடுத்திக் காட்டும் வகைப்பாடாகவே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போது 709 சென்ட் முரண் எழுவதே இல்லை.

ஆய்வு மாணவர்கள் அட்டவணையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. தேவலின் உழைப்பும் பண்டிதரின் உழைப்பும் அளப்பரியவை. அதனடியில் எழுதும் பெயர் மட்டும் பரதருடையதாக இருக்க வேண்டாம்.