இருபது ஆண்டுகள் காத்திருந்த குதிரைகள்

1970களின் கல்கத்தாவில் கிட்டார் கேட்க வேண்டுமானால் பார்க் ஸ்ட்ரீட் மதுக்கூடங்களுக்குப் போகவேண்டும். அங்கே ஆங்கிலப் பாட்டு. வீட்டு வானொலியிலோ ரவீந்திர சங்கீதமும் காதல் மெல்லிசையும். கிட்டாரையும் தாய்மொழியையும் ஒரே மேடையில் ஏற்றத் துணிந்தவர் கௌதம் சட்டோபாத்யாய்.

நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர் அவர். பிறகு சில காலம் வங்காளத்தை விட்டே விலகியிருந்தார். ஊர் திரும்பியதும் தம்பிகள், உறவினர், நண்பர்கள் என ஏழு பேர் சேர்ந்தார்கள். ஏழு பேர் என்பதால் முதலில் ‘சப்தரிஷி’ என்று பெயர். நிலைத்த பெயரைத் தந்தது ஜீவனானந்த தாஸின் ‘குதிரை’ என்ற கவிதை: ‘மொஹீனேர் கோராகுலி’, அதாவது மொஹீனின் குதிரைகள்.

வங்கக் கிராமங்களில் ஏக்தாரா மீட்டித் திரியும் பாவுல் பாடகர்களின் மெட்டும், கிட்டாரும், ஆபிரகாம் மஜும்தாரின் வயலினும் ஒன்று கலந்தன. நகரத்துத் தனிமையும் அன்றாடத் தவிப்புமே பாடுபொருள். 1977, 1978, 1979 என ஆண்டுக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள் வந்தன. முதல் தட்டின் பெயரே ‘கலங்கிய பறவைகளும் கல்கத்தாவும் குறித்து’ என்ற பொருளில் இருந்தது. அந்தப் புதுமையை அன்றைய ரசிகர்களில் மிகச் சிலரே ஏற்றார்கள். 1981-இல் குழு கலைந்தது; ஆளுக்கொரு திசை. கௌதம் சினிமாவுக்குப் போனார். அவர் இயக்கிய ‘நாகமதி’ சிறந்த வங்கப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

பாட்டுகள் மட்டும் கல்லூரி விடுதிகளில் வாய்வழியாக வாழ்ந்தன. 1995-இல் கௌதம் மீண்டும் வந்தார், ‘மீண்டும் இருபது ஆண்டுக்குப் பின்’ என்று பொருள்படும் தொகுப்போடு. அதில் அவர் செய்த காரியம்தான் வரலாற்றில் பெரியது. பழைய புகழைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், ‘மொஹீனேர் கோராகுலி தொகுத்தது’ என்ற அடையாளத்தின் கீழ் இளம் குழுக்களைப் பாடவைத்தார். அடுத்தடுத்து மேலும் மூன்று தொகுப்புகள். வங்கத்தில் ‘பேண்ட்’ இசை பெருகிய காலம் அது. இன்று எந்த வங்கக் குழுவின் கதையைத் தொட்டாலும் இந்தப் பெயர் வந்துவிடும்.

1999 ஜூனில் கௌதம் காலமானார். 2006-இல் ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் ‘பீகி பீகி’ பாட்டு வந்தது. நம்மூரிலும் பலர் முணுமுணுத்த அதன் மெட்டு, 1995 தொகுப்பில் வந்த ‘பிரிதிபீடா நாகி’ பாட்டினுடையது. இந்தியில் பாடியவர் வங்கதேசத்து ராக் பாடகர் ஜேம்ஸ். அவருடைய குழுவின் பெயர் ‘நகர் பாவுல்’.