கைரேகையும் கடப்பிதழும்

பெர்மாஸ் ஜெயாவில் விடியலுக்கு முன்பே விளக்கெரியும் வீடுகள் பல. தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஜோகூர் பாரு வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரின் வீடுகள் அவை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்து போனாலும் போவார்கள். கடப்பிதழை மறந்து போக மாட்டார்கள். 1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர்ப் பாலத்தை முன்னொரு காலத்தில் எந்தத் தாளும் இன்றிக் கடந்தார்கள் என்றால் இன்றைய இளைஞர் நம்பத் தயங்குவர். பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனை வந்தது 1967-இல்தான். இரண்டு நாடுகளாகப் பிரிந்த பிறகு உறவினர் வீட்டுக்குச் செல்லவும் சான்று தேவைப்பட்டது.

ஒருவர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதை ஒரு தாள் தீர்மானிக்கும் நிலை தமிழருக்குப் புதியதன்று. அதன் வேரைத் தேடிச் செல்வோர் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குச் செல்ல வேண்டும். கடலைக் கடந்து வந்த இந்தியரைத் தாளாலும் மையாலும் கட்டுப்படுத்தும் கலையை முதன்முதலில் முழுமையாக்கியது தென்னாப்பிரிக்காதான் எனலாம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களுக்கென ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டு வரப்பட்ட முதல் தொகுதியினர் அதில் இருந்தனர். 1911-இல் அவ்வேற்றுமதி நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே போனவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை ஏட்டில் பதியப்பட்டன. அவர்கள் கொண்டு சென்ற ஒரே பயணப் பத்திரம் அதுதான். உழைப்பு வேண்டியிருந்த வரையில் அந்த ஏடு வாயிலைத் திறந்து வைத்தது.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே காய்கறி பயிரிடவும் கூடை சுமந்து விற்கவும் தொடங்கியபோது வாயில் குறுகலாயிற்று. 1895-ஆம் ஆண்டுச் சட்டம், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இந்தியா திரும்பாமலும் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. கூலிக்காரனுக்கு அது பல மாத ஊதியம்.

சொந்தச் செலவில் வந்தவர்களைத் தடுக்க வேறு வழி தேடினார்கள். 1896 டிசம்பரில் கூர்லாண்ட், நாதேரி என்னும் இரு கப்பல்கள் டர்பன் துறைமுகத்திற்கு வெளியே நோய்த்தடுப்பு என்னும் பெயரால் நிறுத்தி வைக்கப்பட்டன. பயணிகள் கரையிறங்கியது 1897 சனவரி 13-இல்தான். அன்று இறங்கிய காந்தியடிகளை வெள்ளையர் கூட்டம் தாக்கியது. அதே ஆண்டில் நேட்டாலின் குடிநுழைவுத் தடைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தில் இந்தியன் என்ற சொல்லே இல்லை! ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வரலாகாது என்று மட்டுமே அது கூறியது. தொல்காப்பியத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய புலவரும் அச்சட்டத்தின் முன் எழுத்தறிவற்றவரே. நிறத்தின் பெயரைச் சொல்லாமல் நிறத்தைத் தடுக்கும் இவ்வித்தையைப் பிரிட்டிஷ் குடியேற்ற அமைச்சர் சேம்பர்லின் அவ்வாண்டே மற்றக் குடியேற்றங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். 1901-இல் ஆஸ்திரேலியா அதனை மேலும் கூர்மையாக்கிக் கொண்டது. பிற்காலத்தில் விசா விண்ணப்பத் தாள்களில் எத்தனையோ கேள்விகள் உண்மையில் வேறெதையோ கேட்டன என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

முன்பே குடியிருந்தவர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் பெருவிரல் ரேகை பதிய வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் உடன் வரலாம். ஆனால் 1903-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிள்ளைகளின் வயது வரம்பைப் பதினாறாகக் குறைத்தது. பிறப்புப் பதிவில்லாத சிற்றூரில் பிறந்த பையனின் வயதை யார் அறிவார்? தந்தையின் சொல் ஒரு பக்கம், அதிகாரியின் கண் மறுபக்கம். வென்றது பெரும்பாலும் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரான்ஸ்வாலில் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. எட்டு வயதைக் கடந்த ஆசியர் ஒவ்வொருவரும் பதிவு செய்து கொண்டு, சான்றிதழை எப்பொழுதும் கையில் வைத்திருந்து, காவலர் கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும் என்னும் சட்டம் 1906-இல் முன்வைக்கப்பட்டு 1907-இல் நடைமுறைக்கு வந்தது. பத்து விரல் ரேகைகளும் கேட்கப்பட்டன. கைரேகைக் கலை வளர்ந்த இடமும் இந்தியாவே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வங்காளத்தில் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றி அதனை முறைப்படுத்தியவர். 1900-இல் ஜோகன்னஸ்பர்க் காவல்துறையைச் சீரமைக்க அனுப்பப்பட்டவரும் அவரே. பத்து விரல் ரேகையைச் சட்டத்தால் வற்புறுத்திப் பெறுவது குற்றவாளிகளிடம் மட்டுமே என்பதைக் காந்தியடிகள் ஹென்றியின் நூலைப் படித்தே அறிந்தார். மலேசியர் ஒவ்வொருவரும் மைகார்டுக்காகப் பெருவிரலைப் பதிய வைக்கும் இக்காலத்தில் அன்றைய கொதிப்பு மிகையாகத் தோன்றலாம். எல்லார்க்கும் பொதுவான சட்டத்திற்கும் ஓர் இனத்தைக் குற்றப் பரம்பரையாக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தவர்க்கே அப்படித் தோன்றும்.

1906 செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் கூடியவர்கள் இச்சட்டத்திற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். இப்போராட்டத்தில் தமிழர் ஆற்றிய பங்கு மக்கள்தொகைக்கு மிஞ்சியது. அவர்களின் முன்னணியில் நின்றவர் மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு. 1908 சனவரியில் ஸ்மட்சுடன் ஏற்பட்ட உடன்பாட்டுக் கடிதத்தில் கையொப்பமிட்ட மூவருள் அவரும் ஒருவர். மற்ற இருவர் காந்தியடிகளும் சீனர் தலைவர் லியுங் குவின்னும். தாமாகவே பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்பதே உடன்பாடு என இந்தியர் கொண்டனர். பிப்ரவரி 10-ஆம் நாள் பதிவு செய்யப் புறப்பட்ட காந்தியடிகளைச் சினங்கொண்ட பட்டாணியர் சிலர் தடியால் அடித்தபோது, உடன் நின்று அடிகளைத் தாங்கியவரும் தம்பி நாயுடுவே. சட்டம் நீங்கவில்லை. ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஹமீதியா பள்ளிவாசலின் முன் ஒரு பெரிய இரும்புக் கொப்பரை வைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அதில் குவிக்கப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன.

சான்றிதழைக் காட்ட மறுத்தவர்க்குச் சிறை. பின்னர் நாடு கடத்தல். போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த டெலகோவா குடா வழியாக, கப்பல் கப்பலாகச் சென்னைக்கு அனுப்பினர். அவர்களுள் இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள், தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள் இருந்தனர். சென்னையில் அவர்களைப் பேணியவர் ஜி. ஏ. நடேசன். பலர் அடுத்த கப்பலிலேயே திரும்பினர். அவ்வாறு திரும்பிய நாராயணசாமி என்பாரை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. கப்பலின் மேல்தளத்திலேயே அலைக்கழிக்கப்பட்ட அவர் 1910 அக்டோபர் 16-ஆம் நாள் டெலகோவா குடாவில் உயிர் நீத்தார். கையில் உரிய தாள் இல்லாததால், எந்த நிலமும் ஏற்காமல் கடல்மேல் இறந்த தமிழர் அவர். தில்லையாடி வள்ளியம்மையை அறிந்த அளவுக்கு நாராயணசாமியைத் தமிழுலகம் அறியாமற் போனது குறையே.

வள்ளியம்மையின் வரலாறும் எல்லைத் தாளின் வரலாறே. தென்னாப்பிரிக்கா 1910-இல் ஒரே ஒன்றியமான பின்னும் மாகாணத்திலிருந்து மாகாணத்திற்குச் செல்ல இந்தியருக்கு அனுமதி வேண்டியிருந்தது. 1913-இல் கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லா என்ற பொருள்பட நீதிபதி சேர்ல் தீர்ப்பளிக்க, மனைவியாக நாட்டுக்குள் நுழையும் உரிமையே கேள்விக்குள்ளாயிற்று. பெண்கள் போராட்டத்தில் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களுள் ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதியின்றி எல்லையைத் தாண்டினால் சிறை என்று சட்டம் சொல்ல, இவர்கள் எவ்வளவு முயன்றும் காவலர் பிடிக்கவே மறுத்தனர்! அதுவே அரசுக்கு வினையாக முடிந்தது. விடப்பட்ட பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினர், சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நேட்டால் எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நடந்தனர். அவர்கள் செய்த குற்றம் அனுமதித் தாளின்றி ஒரு சிற்றோடையைத் தாண்டியது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை மேரிட்சுபர்க் சிறையிலிருந்து கடுங்காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயது நிறைவில் மறைந்தார்.

1914-ஆம் ஆண்டு நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது, திருமணங்களை ஏற்றது. குடியிருப்புச் சான்றிதழும் அதிலுள்ள பெருவிரல் ரேகையும் பொருந்தினால் நுழைவுரிமைக்கு அதுவே போதிய சான்று என்றது. எந்த ரேகை இழிவின் அடையாளமாக எதிர்க்கப்பட்டதோ, அதுவே உரிமையின் சாட்சியாக மாறியது.

மாகாண எல்லைகள் மட்டும் பிடிவாதமாக நின்றன. ஆரஞ்சு மாகாணம் 1891 முதலே இந்தியரைக் குடியிருக்க விடவில்லை; அத்தடை 1980-களின் நடுவில்தான் நீங்கியது. 1927-ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாட்டின்படி, மூன்றாண்டுகள் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியிருப்புரிமை போய்விடும். அவ்வுடன்பாட்டைக் கண்காணிக்க இந்திய அரசின் முதல் முகவராகச் சென்றவர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய 1936-இல் இங்கு வந்தவரும் அவரே. தென்னாப்பிரிக்காவின் கடுமையைக் கண்ட கண்கள் மலாயாவை மென்மையாக மதிப்பிட்டு விட்டன என்னும் குறை அன்றே எழுந்தது. அது முற்றிலும் பொருந்தாத குறையன்று.

மலாயாத் தமிழரின் தாள் வேறு வகை. கங்காணியின் பின்னே நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்க்கு நுழைவு எளிதாக இருந்தது. தங்குவதே பின்னாளில் கடினமாயிற்று. குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தவர்கள், 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வேலை அனுமதியின்றிப் பல்லாயிரவராகத் தமிழகம் திரும்பியதை ஜோகூரின் தோட்டங்களும் கண்டன.

இந்நாட்டுக் கடப்பிதழில் ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவின் பெயர் இருந்தது; செல்லக் கூடாத நாடாக. 1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் காவலர் சுட்டு 69 பேர் மாண்டதும், காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் நிறவெறியைக் கண்டித்துக் குரலெழுப்பியவர் துங்கு அப்துல் ரஹ்மான். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா அவ்வமைப்பிலிருந்து விலகிற்று. இந்தியா 1946-லேயே அந்நாட்டோடு வாணிகத்தை முறித்திருந்தது. அதன் கடப்பிதழ்களும் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாதனவாயின. தமிழரைத் தாள் கேட்டு வெருட்டிய நாடு, தமிழர் வாழும் நாடுகளின் தாள்களில் விலக்கப்பட்டது. அங்குள்ள உறவினரும் அவ்விலக்கின் மறுபுறத்தில் சிக்கினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழகத்தில் தாய் இறந்தாலும் வந்து சேர்வது எளிதாக இருக்கவில்லை. மலேசியாவும் தென்னாப்பிரிக்காவும் அரசுறவு கொண்டது 1993-இல். மறு ஆண்டு அங்கே எல்லா இனத்தவரும் வாக்களித்தனர்.

ட்ரூரோவிலும் அதன் பின் வந்த கப்பல்களிலும் ஏறியவர்களின் பதிவேடுகள் இன்றும் குவாசுலு-நேட்டாலில் பாதுகாக்கப்பட்டுள்ளன. முப்பாட்டனின் ஊர் எது எனத் தேடுவோரும், அயலகக் குடியுரிமை அட்டைக்காக இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிப்போரும் அவ்வேடுகளைப் புரட்டுகின்றனர். வம்சாவளியை மெய்ப்பிக்க அவர்களிடம் கேட்கப்படுவது அந்தக் கூலி எண்தான்.