பிள்ளைக்காம்பராவுக்குப் போய்வரும் நேரம்

வேலைக்குப் போகும் தாயின் இடைவேளை யாருடையது? இதற்குச் சட்டங்கள் சொல்லிவந்த பதிலை 1919-இலிருந்து பின்தொடரலாம். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு கூடியது. அங்கே நிறைவேறிய மகப்பேறுப் பாதுகாப்பு உடன்படிக்கை, பாலூட்டும் தொழிலாளிக்கு நாளுக்கு இரண்டு முறை அரை அரை மணி நேரம் ஒதுக்கியது. வேலை நேரத்துக்குள்ளேயே என்றும் சொன்னது. அதாவது, அவள் கஞ்சி குடிக்கும் நேரத்தில் கைவைக்கக் கூடாது. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. நிலைமையை ஆராயும்படி மட்டும் காலனிய அரசு கேட்டுக்கொள்ளப்பட்டது. அதன் விளைவாக டாக்டர் டாக்மர் கர்ஜெல் என்ற பெண் மருத்துவர் வங்காளத்துச் சணல் ஆலைகளையும் சுரங்கங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் சுற்றி 1923-இல் ஓர் அறிக்கை எழுதினார்.

அன்றைய பம்பாய் ஆலைப் பெண்ணின் நாளை நினைத்துப் பார்ப்போம். 1922-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நாள் 11 மணி நேரம்வரை நீளலாம். நடுவே ஒரு மணி நேர ஓய்வு. அதற்குள் சாலுக்கு நடந்து, தின்று, பிள்ளைக்குப் பால் கொடுத்து, சங்கு ஊதுவதற்குள் திரும்ப வேண்டும். மீதி நேரமெல்லாம் பிள்ளை என்ன செய்யும்? அது தூங்கியது. ‘பால கோலி’ என்ற சின்ன அபின் உருண்டை அதைத் தூங்கவைத்தது. ஆலைத் தொழிலாளர் குழந்தைகளுக்கு அபின் கொடுக்கும் வழக்கத்தை 1929-31 காலத்து அரச தொழிலாளர் ஆணையமும் பதிவு செய்தது. இதைத் தாய்மாரின் அறியாமை என்று எழுதியவர்கள் அன்றும் உண்டு, பின்னாலும் உண்டு. எனக்கு இதில் அறியாமை தெரியவில்லை. பத்துப் பதினோரு மணி நேரத்தை ஒரு மணி நேரத்தால் வகுத்துப் பார்த்த பெண் கண்ட விடை அது. அழும் பிள்ளையை விட்டுப் போக முடியாது. போகாவிட்டால் கூலி கிடையாது.

என்.எம். ஜோஷி 1924-இல் மத்தியச் சட்டசபையில் கொண்டுவந்த மகப்பேறு மசோதா தோற்றது. பம்பாய் மாகாணம் 1929-இல் சட்டம் இயற்றியது. சட்டமன்றத்தில் அதை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கர் ஒருவர். மதராஸ் மாகாணச் சட்டம் 1934-இல் வந்தது. இவை பேறுகாலத்துப் பண உதவி பற்றியவை. பிள்ளை பிறந்து தாய் வேலைக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு விடுதலைக்குப் பின் இரண்டு சட்டங்கள் பதில் சொல்லின. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அது 30 ஆனது. எண்ணிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்: பெண்களை எண்ண வேண்டும், காப்பகம் அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கு. அதே ஆலையில் 500 ஆண்கள் தகப்பன்களாக இருந்தாலும் கணக்கில் வரமாட்டார்கள். பெண்ணை வேலைக்கு எடுத்தால் ஒரு அறையும் ஓர் ஆயாவும் சேர்ந்து வரும், ஆணை எடுத்தால் ஒன்றும் வராது என்று முதலாளிக்குச் சட்டமே கணக்குச் சொல்லிக்கொடுத்தது.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு ‘மேலாக’ என்பது அதன் வாசகம். இதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்றது 13-ஆம் பிரிவு. 2017-இல் வந்த திருத்தம் பெரிதாகக் கொண்டாடப்பட்டது: 26 வார விடுப்பு, 50 ஊழியர் உள்ள நிறுவனங்களில் காப்பகம், நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்த்துவரலாம். எண்ணுவதில் ஆணும் சேர்ந்தது நல்லதே. ஆனால் அந்த நான்கு முறைக்குள் அவளுடைய ஓய்வு இடைவேளையும் ‘அடங்கும்’ என்று 11-ஏ பிரிவில் எழுதப்பட்டது. முன்பு மேலாக இருந்தது இப்போது அடங்கிவிட்டது. போய்ப் பார்த்துவரும் உரிமையும் ‘அந்தப் பெண்ணுக்கு’ மட்டும்தான். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே வாசகம் இருக்கிறது.

கூலியைப் பிடிக்கக் கூடாது என்ற விதி, நாள் கூலி வாங்குபவருக்குப் பயன்படும். எடைக்குக் கூலி வாங்குபவரிடம் பிடிக்க என்ன இருக்கிறது? இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதைப் பார்க்கலாம். பிள்ளை காப்பகத்துக்கு அங்கே பிள்ளைக்காம்பரா என்று பெயர். லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கொழுந்தெடுக்கும் மலை தொலைவில் இருக்கும். அந்நாட்டு மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின் இன்றைய வடிவம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தருகிறது: காப்பகம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. ஏறி இறங்கும் வழி அந்த அரை மணிக்குள்தான். அவள் போயிருக்கும் நேரத்தில் கூடையில் கொழுந்து விழாது. குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். சட்டம் தந்த அரை மணியைத் தராசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் ஆண்களின் வேலை பெரும்பாலும் அளந்துவிட்ட வேலை. விடிந்ததும் தொடங்கி, அளவு முடிந்ததும் பகலிலேயே லயத்துக்கு வந்துவிடுவார்கள். வரும் வழியில்தான் பிள்ளைக்காம்பராவும் இருக்கும். மலையில் இருக்கும் பெண்கள் மாலை நிறுவை முடித்துத்தான் இறங்க முடியும். இறங்கி வந்து, லயத்துக்குள் நுழையும் முன்னே, பிள்ளைக்காம்பராவின் வாசலில் நின்று பிள்ளையை வாங்கிக்கொள்வதும் அவர்கள்தான்.